ஆரிஜென் காட்டிய எதிரி



எகிப்து நாட்டில் அலெக்சாண்டிரியா என்றொரு துறைமுக நகரம் உண்டு. பழங்காலத்தில் கல்விக்குப் பெயர் பெற்ற ஊர் அது. அங்கே கி.பி. 185ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தவர் ஆரிஜென். அவருக்குப் பின் ஆறு தம்பிகள். தந்தை லியோனிதஸ் தினமும் வேத வசனங்களைக் கொடுத்து மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்வார். ஆரிஜென் ஒப்பிப்பதோடு விடமாட்டார். அதன் உட்பொருள் என்ன என்று கேட்டு அப்பாவைத் துளைத்தெடுப்பார்.

அப்போது எகிப்து ரோமப் பேரரசின் கீழ் இருந்தது. 202ஆம் ஆண்டு, பேரரசர் செப்டிமியஸ் செவேரஸ் காலத்தில், கிறிஸ்தவர்களைப் பிடித்துக் கொன்றார்கள். லியோனிதஸும் சிறைப்பட்டார். 17 வயதுகூட நிரம்பாத ஆரிஜென், தானும் அப்பாவோடு சாகத் துணிந்து புறப்பட்டார். அம்மா கெஞ்சிப் பார்த்தார், மகன் கேட்கவில்லை. உடனே அவனுடைய உடைகளை எல்லாம் ஒளித்து வைத்துவிட்டார்! உடையில்லாமல் வெளியே போக முடியுமா? மகன் பிழைத்தான். தந்தையின் தலை வெட்டப்பட்டது. குடும்பச் சொத்தையும் அரசு பறித்துக்கொண்டது.

வீட்டுப் பாரம் மூத்த மகன் தலையில் விழுந்தது. ஆரிஜென் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தார். 18 வயதிலேயே கிறிஸ்தவப் பள்ளி ஒன்றின் பொறுப்பை ஏற்றார். வெறுந்தரையில் படுத்தார், இரவெல்லாம் படித்தார். பழைய ஏற்பாட்டின் எபிரேய மூலத்தையும் கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் ஆறு பத்திகளாக அருகருகே எழுதி ஒப்பிட்டார். அந்தப் பெரும் நூலின் பெயர் ஹெக்சாப்லா.

பின்னாளில் பாலஸ்தீனத்தின் செசரியா நகரில் குடியேறினார். அங்கே சபையில் யோசுவாவின் கதையை விளக்கினார். உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். இஸ்ரவேலர் எரிகோ நகரை நாளுக்கு ஒருமுறையாக ஆறு நாள் சுற்றி வந்தார்கள். ஏழாம் நாள் ஏழு முறை சுற்றினார்கள். ஆசாரியர்கள் எக்காளம் ஊத, மக்கள் ஆர்ப்பரிக்க, கோட்டை மதில் இடிந்து விழுந்தது. அந்த வெற்றியைத் தந்தவர் கடவுள் என்கிறது வேதம்.

அதற்குப் பிறகு அந்நகர மக்கள் கொல்லப்பட்டதையும் அதே நூல் சொல்கிறது. எதிரியையும் நேசிக்கச் சொன்னவர் இயேசு. அவரைப் பின்பற்றுகிறவர்கள் இந்தக் கதையை எப்படிப் படிப்பது?

ஆரிஜென் வழி காட்டினார். கிரேக்க மொழியில் யோசுவா, இயேசு இரண்டும் ஒரே பெயர்தான். ஆகவே யோசுவாவின் போர், இயேசு நம் மனத்துக்குள் நடத்தும் போருக்கு அடையாளம் என்றார் அவர். கோபம், பொறாமை, பேராசை, அகந்தை ஆகியவைதாம் வீழ்த்த வேண்டிய பகைவர்கள். அந்தக் கோட்டை நமக்குள்ளேதான் இருக்கிறது. கிறிஸ்தவர்கள் வாளெடுக்க அந்தக் கதை சொல்லப்படவில்லை என்பது அவர் கருத்து. ஆரிஜெனின் எல்லாக் கருத்துகளையும் திருச்சபை ஏற்கவில்லை. ஆனால் வேதத்தை இப்படி உட்பொருளோடு படிக்கும் முறையைப் பின்வந்த பலர் பின்பற்றினார்கள்.

யோசித்துப் பாருங்கள். தந்தையை வாளுக்குப் பறிகொடுத்தவர் சொன்ன விளக்கம் இது! பழிவாங்கும் கதையாக அவர் அதைப் படித்திருக்கலாம். அப்படிப் படிக்கவில்லை.

250ஆம் ஆண்டு, பேரரசர் டெசியஸ் காலத்தில், அவருக்கே சோதனை வந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஆரிஜெனின் கழுத்தில் இரும்பு வளையம் மாட்டினார்கள். கால்களை அகல விரித்துத் தொழுமரத்தில் பூட்டினார்கள். தீயிலிடுவோம் என்று மிரட்டினார்கள். நம்பிக்கையை அவர் விடவில்லை. விடுதலையானபோது உடல் நொறுங்கியிருந்தது. 254ஆம் ஆண்டு வாக்கில் காலமானார்.

குழந்தைகளே, உங்கள் மேல் ஒருவன் வீண்பழி சுமத்தினால் கோபம் பொங்கும் அல்லவா? அப்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். வெல்ல வேண்டியது அவனையா, அந்தக் கோபத்தையா?