வைத்தியர் ஒருவர் கதாசிரியரான வரலாறு

எழுத்தாளர் பிறக்கிறாரா, உருவாகிறாரா? இந்தக் கேள்வி எங்கள் தமிழ் மன்றத்தில் அடிக்கடி எழுவதுண்டு. பிறக்கிறார் என்று வாதிடும் தோழியருக்கு நான் எப்போதும் ஒருவரது வாழ்க்கையையே விடையாகச் சொல்வேன். அவர் ரஷ்யச் சிறுகதை மேதை அன்டன் செக்கோவ்.

செக்கோவ் 1860 ஜனவரி 29 ஆம் திகதி, அசோவ் கடலோரத்து நகரமான தகன்ரோக்கில் பிறந்தார். அவரது பாட்டனார் பண்ணையடிமையாக இருந்து, பணம் கொடுத்துக் குடும்பத்தை மீட்டுக்கொண்டவர். தந்தையார் பலசரக்குக் கடை வைத்திருந்தார். பிள்ளைகளை அடித்து வளர்த்தார். 1876 இல் கடன் முற்றிக் கடை மூழ்கிப்போக, அவர் மொஸ்கோ நகருக்கு ஓடினார். குடும்பமும் பின்னால் சென்றது. பாடசாலைப் படிப்பை முடிப்பதற்காகப் பதினாறு வயது அன்டன் மட்டும் ஊரில் தனியே தங்கினார். பிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வயிற்றைக் கழுவினார். அதிலும் மிச்சம் பிடித்து வீட்டுக்குப் பணம் அனுப்பினார்.

1879 இல் மொஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பும் அவர் தோளில் விழுந்தது. எனவே புனைபெயரில் நகைச்சுவைச் சஞ்சிகைகளுக்கு எழுதத் தொடங்கினார். வரிக்கு எட்டுக் கொப்பெக் என்ற கணக்கில் கூலி கிடைத்தது. ‘அஸ்கோல்கி’ என்ற சஞ்சிகையின் ஆசிரியர் லெய்க்கின், ஒரு கதை சுமார் நூறு வரிகளுக்குள் அடங்கவேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். அந்தக் கண்டிப்பே செக்கோவுக்கு முதற் பள்ளிக்கூடம் என்று நான் கருதுகிறேன். நூறு வரிக்குள் கதை சொல்பவர், பாத்திரத்தின் குலம் கோத்திரம் எல்லாம் விபரித்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு சொல்லிலோ ஒரு செய்கையிலோ ஆளைக் காட்டிவிட வேண்டும்.

1886 இல் வெளிவந்த ஒரு கதையைப் பாருங்கள். மகனை இழந்த குதிரைவண்டிக்காரர் ஒருவர், ஏறி இறங்கும் பயணிகளிடம் தன் துயரைச் சொல்ல முயல்கிறார். ஒருவரும் காதுகொடுக்கவில்லை. இறுதியில் இரவு லாயத்திலே தன் குதிரையிடம் அதைச் சொல்லித் தீர்க்கிறார். ஆசிரியர் குறுக்கே வந்து எம்மை அழச் சொல்வதில்லை. ஆனாலும் மனம் கலங்குகிறது.

1884 இல் செக்கோவ் வைத்தியரானார். அதே ஆண்டில் அவருக்கு இருமலோடு இரத்தம் வந்தது. காச நோயின் அறிகுறி அது. வைத்தியரான அவருக்கு அதன் பொருள் தெரியாமலிருக்க நியாயமில்லை. ஆயினும் அவர் எழுத்தையும் விடவில்லை, நோயாளரையும் விடவில்லை.

1886 மார்ச்சில் திருப்பம் வந்தது. மூத்த எழுத்தாளரான கிரிகரோவிச் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். உன்னிடம் உண்மையான திறமை இருக்கிறது, அவசரமாக எழுதி அதை வீணாக்காதே என்பது அதன் சாரம். தாம் எந்தக் கதைக்கும் ஒரு நாளுக்குமேல் செலவிட்டதில்லை என்று செக்கோவ் பதிலில் ஒப்புக்கொண்டார். அதற்குப் பின்னரே வேகம் குறைந்தது. ஆண்டுக்கு நூறுக்கும் மேற்பட்ட ஆக்கங்களை எழுதியவர், 1888 இல் சிலவற்றை மட்டுமே எழுதினார். அந்த ஆண்டிலேயே அவருக்குப் புஷ்கின் பரிசும் கிடைத்தது.

புகழ் வந்தபின்னும் அவர் மேசையோடு ஒதுங்கிவிடவில்லை. 1890 இல் சைபீரியாவைக் கடந்து, கைதிகள் வாழ்ந்த சகலின் தீவுக்குப் போனார். அப்போது அவ்வழியே புகையிரதப் பாதை இல்லை. வண்டியிலும் படகிலுமாகச் சென்று, மூன்று மாதம் தங்கி, வீடு வீடாக மக்களைச் சந்தித்து ஆயிரக்கணக்கான விபரச் சீட்டுகளை நிரப்பினார். திரும்பும் வழியிலேதான் எமது இலங்கைக்கு வந்தார். அவ்வாண்டு நவம்பரில் கொழும்பில் இறங்கி, கண்டிக்கும் சென்றார். சிங்கப்பூரை நோக்கிய கடற்பயணத்தில் இறந்த இருவரின் உடல்கள் கடலில் விடப்பட்டதை அவர் கண்டிருந்தார். ஊர் திரும்பும் கப்பலிலே இறந்துபோகும் சிப்பாய் ஒருவரின் கதையாக அது மாறியது. ‘கூசெவ்’ என்ற அந்தக் கதையை எழுதத் தொடங்கியது கொழும்பில் என்பதை அறிந்தபோது, எனக்கு அது நம்மூர்க் கதைபோலவே நெருக்கமாகிவிட்டது.

தோல்வியும் அவரைத் தேடி வந்தது. 1896 இல் ‘கடற்பறவை’ நாடகம் பீட்டர்ஸ்பர்க்கில் முதன்முதலாக மேடையேறியபோது சபையோர் கேலி செய்தனர். இனி நாடகமே எழுதுவதில்லை என்று மனமுடைந்து வெளியேறினார். ஆனால் 1898 இல் மொஸ்கோ கலை அரங்கு அதே நாடகத்தை மேடையேற்றியபோது அரங்கம் கரகோஷத்தால் அதிர்ந்தது. அதன்பின் மேலும் சிறந்த நாடகங்களை எழுதினார்.

1899 இல் ஒரு பதிப்பாளர் அவரது ஆக்கங்களின் உரிமையை 75,000 ரூபிளுக்கு வாங்கினார். அப்போது அவர் செய்த வேலையே எனக்கு மிகவும் பிடித்தது. பழைய கதைகளைத் தேடியெடுத்துப் பலவற்றை ஒதுக்கினார்; பலவற்றைத் திருத்தினார். கதையை எழுதி முடித்தபின் அதன் தொடக்கத்தையும் முடிவையும் வெட்டிவிட வேண்டும் என்று அவர் சொன்னதாக எழுத்தாளர் புனின் நினைவுகூர்ந்திருக்கிறார். 1904 ஜூலை 15 ஆம் திகதி ஜேர்மனியின் பாடன்வைலரில் காலமானபோது செக்கோவுக்கு வயது 44 மட்டுமே.

திறமை அவரோடு பிறந்திருக்கலாம். ஆனால் சுருக்கச் சொல்லும் வித்தையும், நின்று பார்க்கும் கண்ணும், வெட்டத் துணியும் கையும் உழைத்துப் பெற்றவை. எழுத்து படிப்பைக் கெடுத்துவிடும் என அஞ்சும் பெற்றோருக்கும் இவ்வாழ்க்கை ஆறுதலாகும். வைத்தியமும் எழுத்தும் ஒரே மனிதரிடம் இருபது ஆண்டுகள் கூடி வாழ்ந்தன.

தோழியரே, அடுத்த சஞ்சிகைக்கு நீங்கள் எழுதும் கதையை ஒரு வாரம் பெட்டியில் வையுங்கள். பின்னர் எடுத்து முதற் பந்தியை மறைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். கதை அப்போதும் விளங்கினால், அந்தப் பந்தியை நீக்கிவிட்டு ஆசிரியையிடம் கொடுங்கள்.