அர்பத்நாட் கவிழ்ந்த பிறகு



இந்தியன் வங்கிக் கிளைக்குள் பலமுறை போய் வந்திருப்பீர்கள். அது எப்படிப் பிறந்தது என்று யோசித்ததுண்டா? ஒரு வக்கீலின் கதை அது.

வி. கிருஷ்ணசாமி ஐயர் 1863இல் தஞ்சை மாவட்டம் திருவிடைமருதூரில் பிறந்தார். அப்பா முன்சீப். கும்பகோணத்திலும் சென்னையிலும் படித்தார். வக்கீலான புதிதில் வழக்குகள் அதிகம் வரவில்லை. பிறகு மயிலாப்பூரின் முன்னணி வக்கீல்களில் ஒருவரானார். சமஸ்கிருதக் கல்லூரி, வெங்கடரமணா வைத்தியசாலை எல்லாம் அவர் தொடங்கியவை. அரசியலில் மிதவாதி. ஆனாலும் தீவிரவாதியான பாரதியாரின் தேசியப் பாடல்களைத் தன் செலவில் அச்சிட்டு ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கொடுத்தார். கருத்து வேறு, ரசனை வேறு என்று இருந்த மனிதர்!

1906 அக்டோபரில் சென்னையின் அர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்தது. பெரிய ஆங்கிலேயப் பெயர், நல்ல வட்டி. வேறென்ன விசாரிக்க வேண்டும் என்று ஓய்வுபெற்றவர்களும் விதவைகளும் சேமிப்பு முழுவதையும் அங்கேயே வைத்திருந்தார்கள். லண்டன் பங்காளியோ அதைச் சூதாட்டம் போன்ற முதலீடுகளில் இறக்கியிருந்தார். அவர் ரயில் முன் விழுந்து இறந்தார். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. பணம் போட்டவர்களுக்கு அதனால் என்ன லாபம்?

அவர்களுக்காக நீதிமன்றத்தில் நின்றவர்களில் ஐயரும் ஒருவர். வழக்கோடு அவர் நிற்கவில்லை. நம்மவர் பணத்துக்கு நம்மவர் வங்கி வேண்டும் என்று கிளம்பினார். கையைச் சுட்டுக்கொண்ட ஊரில், சில மாதங்களுக்குள் போய்ப் பங்கு வாங்கச் சொல்வது லேசா? செட்டிநாட்டாரும் துணை நின்றார்கள். 1907 மார்ச்சில் இந்தியன் வங்கி பதிவானது, ஆகஸ்ட் 15இல் கதவு திறந்தது.

ஐயர் 1909இல் உயர்நீதிமன்ற நீதிபதி, 1911இல் கவர்னரின் நிர்வாக சபை உறுப்பினர். அந்த ஆண்டு டிசம்பரிலேயே 48 வயதில் காலமானார். வங்கிக்கு அப்போது நாலு வயதுதான்.

வங்கி இரண்டு உலகப் போர்களையும் 1930களின் மந்தத்தையும் தாண்டியது. 1969இல் தேசியமயமானது. 2007இல் 91 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. 2020 கொரோனாவில் அந்த விலைக்கும் கீழே போனபோது பயந்து விற்றவர்கள் உண்டு. 2024இல் அதே பங்கு 500ஐத் தாண்டியது. எல்லாப் பங்கும் இப்படி ஏறிவிடாது. அந்தப் பணம் உடனே தேவைப்படாதவர்களால்தான் பொறுத்திருக்க முடிந்தது.

நான் கவுன்டரில் இருந்த நாட்களில், வெள்ளிமலையிலிருந்து மரவள்ளிப் பணத்தோடு இறங்கி வருபவர்கள் முதலில் வட்டியைக் கேட்க மாட்டார்கள். வேண்டும்போது எடுக்கலாமா என்றுதான் கேட்பார்கள். கள்ளக்குறிச்சியில் படித்த நாம்தான் அரை சதவீதம் கூடுதல் என்றால் ஓடுகிறோம்.

1906இல் இல்லாத ஒன்று இப்போது இருக்கிறது. டெபாசிட் காப்பீடு 1962இல் வந்தது. 2020 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை பாதுகாப்பு. நிதி நிறுவனங்களுக்கும் சீட்டுக்கும் இது கிடையாது. நம் சங்கத்தின் பராமரிப்பு நிதியை எங்கே வைப்பது என்று பொதுக்குழுவில் பேச்சு வரும்போது, வட்டி விகிதத்தோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்.