வில்லியம் ஹைட் வொல்லஸ்டன்

வில்லியம் ஹைட் வொல்லஸ்டன் (ஆகஸ்ட் 6, 1766 – டிசம்பர் 22, 1828) இங்கிலாந்தைச் சேர்ந்த வேதியியலாளரும் இயற்பியலாளரும் ஆவார். பல்லேடியம், ரோடியம் ஆகிய தனிமங்களைக் கண்டுபிடித்தவர் இவரே.

வாழ்க்கை

நார்ஃபோக்கில் உள்ள கிழக்கு டெரமில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று 1793 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மருத்துவத் தொழிலை 1800 இல் கைவிட்டார். அவ்வாண்டே நண்பர் ஸ்மித்சன் டெனன்ட்டுடன் கூட்டுச் சேர்ந்து, தென் அமெரிக்காவில் இருந்து வந்த பிளாட்டினக் கனிமத்தைப் பெருமளவில் வாங்கினார். இராச திராவகத்தில் கரையாது எஞ்சிய கரும்பொடியில் டெனன்ட் ஆஸ்மியத்தையும் இரிடியத்தையும் கண்டார். கரைசலை ஆராய்ந்த வொல்லஸ்டன் 1802 இல் பல்லேடியத்தையும் 1804 இல் ரோடியத்தையும் பிரித்தெடுத்தார். அக்காலத்தில் புதிதாகக் கண்டறியப்பட்ட பல்லாஸ் என்னும் சிறுகோளின் பெயரே பல்லேடியத்துக்கு இடப்பட்டது.

பல்லேடியம் சர்ச்சை

பிளாட்டினத்தைத் தூய்மையாக்கும் முறை இவரது வணிக இரகசியம். அதை வெளியிடாமலேயே கண்டுபிடிப்பின் உரிமையைக் காக்க விரும்பியதால், வியப்பான ஒரு வழியை மேற்கொண்டார். 1803 ஏப்ரலில் பெயர் குறிப்பிடாத துண்டறிக்கை ஒன்றின் மூலம், இலண்டன் சோஹோ பகுதிக் கடை ஒன்றில் புதிய உலோகம் விற்பனைக்கு உள்ளதாக அறிவித்தார். இதை மோசடி என ஐயுற்ற அயர்லாந்து வேதியியலாளர் ரிச்சர்ட் செனெவிக்ஸ், இருப்பு முழுவதையும் வாங்கி ஆராய்ந்தார். அது தனிமமன்று, பிளாட்டினமும் பாதரசமும் கலந்த கலப்புலோகமே என்று அரச கழகத்தில் அறிவித்தார். வொல்லஸ்டன் அப்போதும் வெளிப்படவில்லை. மாறாக, செயற்கையாகப் பல்லேடியம் செய்து காட்டுவோருக்கு 20 பவுண்டு பரிசு தருவதாகப் பெயரின்றியே அறிவித்தார். எவராலும் இயலவில்லை. 1805 இல்தான் உண்மையை ஒப்புக்கொண்டார். செனெவிக்ஸின் முடிவு தவறே ஆயினும், பெயரை மறைத்தே விற்கப்பட்ட பொருளை ஐயுற்றது அவர் குற்றம் அன்று.

அளவிடும் முறைகள்

நடுநிலையாக்கிய பிளாட்டினக் கரைசலில் பாதரச சயனைடைச் சேர்த்தால் பல்லேடியம் சயனைடாக வீழ்படியும்; அதைச் சூடாக்கினால் உலோகம் கிடைக்கும். வொல்லஸ்டன் 1805 இல் வெளியிட்ட முறை இதுவாகும். எனினும் மிக நுண்ணிய அளவுகளைத் தராசில் நிறுத்து அறிவது கடினம். இன்று கையாளப்படும் முறைகளுள் ஒன்று நிறமாலை ஒளியளவியல் ஆகும். நான்கு நைட்ரஜன் அணுக்கள் சூழ்ந்த போர்ஃபிரின் வளையத்தின் நடுவே பல்லேடியம் அயனி சென்று பிணைகிறது. இவ்வினை மெதுவாக நிகழ்வதால் பொதுவாகக் கரைசலைச் சூடாக்குவர். உருவாகும் சேர்மம் 400 முதல் 420 நானோமீட்டர் வரையிலான அலைநீளத்தில் ஒளியை மிக வலுவாக உட்கவர்வதால், லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் பல்லேடியத்தையும் அளவிட இயலும்.

ஒளி உட்கவர்தலின் தடயத்தை வொல்லஸ்டனும் கண்டவரே. 1802 இல் சூரிய நிறமாலையில் கருங்கோடுகளை முதன்முதலில் பதிவு செய்தவர் அவர். ஆனால் அவற்றை நிறங்களுக்கு இடையிலான எல்லைகள் என்றே கருதினார். பின்னர் அவற்றை விரிவாக ஆராய்ந்த ஃபிரான்ஹோஃபரின் பெயரே அக்கோடுகளுக்கு நிலைத்தது.

இறுதிக்காலம்

1828 இல் மூளைக்கட்டியால் நோயுற்றபோது, எஞ்சிய ஆய்வுகளைப் பிறரைக் கொண்டு எழுதச் செய்தார். பிளாட்டினம் பற்றிய இரகசியமும் அவ்வாண்டு நவம்பரில் அரச கழகத்தில் வாசிக்கப்பட்டது. அவர் அளித்த நிதியைக் கொண்டு இலண்டன் நிலவியல் கழகம் 1831 முதல் வொல்லஸ்டன் பதக்கம் வழங்கி வருகிறது. தொடக்கத்தில் பொன்னால் செய்யப்பட்ட அப்பதக்கம் பின்னர் பல்லேடியத்தாலும் செய்யப்பட்டது.