பெயரைச் சொல்லி நிமிர்ந்தவர்: இரட்டைமலை சீனிவாசன்

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 18-ஆம் தேதி, சென்னை ஓட்டேரி இடுகாட்டில் இருக்கும் 'உரிமைக் களம்' என்ற நினைவிடத்துக்கு மாலைகளோடு மக்கள் வருகிறார்கள். 1945-இல் அந்த நாளில்தான் இரட்டைமலை சீனிவாசன் மறைந்தார். மீஞ்சூரில் மின்சார ரயிலேறி பேசின் பிரிட்ஜில் இறங்கினால் ஓட்டேரி தூரமில்லை. ஆனால் நம் பகுதிப் பிள்ளைகளிடம் அவர் யார் என்று கேட்டால், பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறோம் என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. மத்திய அரசு அஞ்சல் தலையும் வெளியிட்டிருக்கிறது. ஒரு மனிதர் எதைத் தாங்கினார், எதை மாற்றினார் என்பதை அவை சொல்லிவிடாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

கல்லூரி வாசலில் ஒரு பயம்

அன்றைய செங்கல்பட்டு மாவட்டம், மதுராந்தகம் பக்கம் கோழியாளம் என்ற சிற்றூரில், 1859-60 வாக்கில், ஜூலை 7-ஆம் தேதி பிறந்தவர் சீனிவாசன். வறுமையும் சாதிக் கொடுமையும் அந்தக் குடும்பத்தை ஊரைவிட்டுக் கிளப்பின. தஞ்சாவூர்ப் பக்கம் போய், பிறகு கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தார்கள். அங்கேதான் அவருக்குப் படிப்பு வாய்த்தது.

அவர் படித்த கல்லூரியில் சுமார் 400 மாணவர்கள். ஏறக்குறைய எல்லோரும் பிராமணர்கள். மற்ற சாதியார் பத்துப் பேர் அளவுக்குத்தான் இருந்தார்கள். தன் சாதி தெரிந்துவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் சீனிவாசன் யாரோடும் ஒட்டாமல் இருந்தார். மணி அடிக்கும்வரை கல்லூரிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்ததும் வகுப்புக்குள் போவார். வகுப்பு விட்டதும், கூடப் படிப்பவர்கள் தன்னை எட்டிப் பிடித்துவிடாதபடி வேகமாக நடந்து வீடு சேர்வார். மற்றவர்கள் விளையாடும்போது சேர்ந்து விளையாட முடியாததை நினைத்து மனம் வருந்தினார். இதையெல்லாம் பின்னாளில் அவரே எழுதிவைத்தார்.

இதைப் படிக்கிற நம் மாணவர்களுக்கு இது பழங்கதையாகத் தெரியாது. மீஞ்சூர், அத்திப்பட்டு, பொன்னேரியிலிருந்து ரயிலேறிப் போய் நகரத்துக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளிடம் இன்றும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி வருகிறது: எந்த ஊர்? ஊரைச் சொன்னால் அடுத்த கேள்வி, ஊரில் எந்தப் பக்கம்? காலனி என்று சொல்ல வாய் வராமல் பேருந்து நிறுத்தத்தின் பெயரைச் சொல்லித் தப்பித்த பிள்ளைகளை நாம் அறிவோம். 140 ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூரில் ஒரு பையன் வேகவேகமாக வீட்டுக்கு நடந்தது இதே கேள்விக்குப் பயந்துதான்.

பறையன் என்றே பெயர் வைத்தார்

படிப்பு முடிந்து நீலகிரியில் ஐரோப்பியர் நிறுவனம் ஒன்றில் கணக்கராக ஏறக்குறைய பத்தாண்டுகள் வேலை பார்த்தார். 1887-இல் ரங்கநாயகி அம்மாளை மணந்தார். அவருடைய சகோதரி தனலட்சுமியை மணந்தவர் பண்டிதர் அயோத்திதாசர். பிற்காலத் தலித் அரசியலின் இரண்டு பெரும் ஓடைகள் ஒரே குடும்பத்தில் சந்தித்தன.

1890-இல் சென்னைக்கு வந்தார். தன் மக்களின் வரலாற்றைத் தேடி அலைந்தார். 1891-இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'.

அந்தப் பெயர் அன்று வசைச்சொல்லாகப் புழங்கியது. தன் பிறப்பு தெரியக்கூடாது என்று ஒளிந்து நடந்த அதே மனிதர், அந்தச் சொல்லைப் பத்திரிகையின் தலையில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, காசு கொடுத்து வாங்குங்கள் என்று கடைத்தெருவுக்கு அனுப்பினார். தன் பெயரைச் சொல்ல வெட்கப்படுகிறவன் தன் உரிமையைக் கேட்க முடியாது என்பது அவர் முடிவு. ஒளிந்திருக்கும்வரை ஒடுங்கியே இருக்க வேண்டும், வெளியே வந்து நின்றால்தான் கணக்கில் வருவோம் என்று நினைத்தார்.

நான்கு பக்கம், விலை இரண்டணா. முதல் இதழ் சென்னையில் இரண்டே நாளில் 400 பிரதிகள் விற்றுத் தீர்ந்தது. மாத இதழாகத் தொடங்கியது மூன்றே மாதத்தில் வார இதழானது. இரண்டு ஆண்டுகளில் சொந்த அச்சுக்கூடமும் வந்தது. பத்திரிகையில் வெளியான ஒரு கடிதத்துக்காக அவர்மீது வழக்குப் போட்டு, நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டபோது, அந்தப் பணத்தைக் கட்டியது மக்கள்தான். எழுதப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலரே இருந்த சமூகம் அது. ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்ட காலம். 1900 வரை ஏழு ஆண்டுகள் அந்த இதழ் வந்தது. அயோத்திதாசரின் தமிழன் இதழ் 1907-இல்தான் பிறந்தது என்பதையும் சேர்த்து நினைத்தால், இந்த முயற்சியின் அளவு புரியும்.

112 அடி நீள மனு

1893-இல் ஒரு பெரிய விவாதம் எழுந்தது. ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. சீனிவாசன் அதை எதிர்த்தார். அந்த ஆண்டு டிசம்பர் 23-ஆம் தேதி இராயப்பேட்டை வெஸ்லி மிஷன் கல்லூரியில் கூட்டம் கூட்டி, 3,412 பேர் கையெழுத்திட்ட 112 அடி நீள மனுவை லண்டன் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்.

இதற்காகவே அவரை வெள்ளைக்காரனுக்கு ஆதரவாளர் என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. அவர் கேட்டது ஒரு எளிய கேள்வி. பள்ளிக்கூட வாசலையே மிதிக்க முடியாத மக்கள் இருக்கும் நாட்டில் தேர்வு நடத்தினால், தேர்ச்சி பெற்று வந்து நாற்காலியில் உட்காரப்போவது யார்? ஏற்கெனவே கிராமத்தில் நம்மை நடத்துகிறவர்களே மாவட்டத்தையும் ஆளவேண்டுமா? எல்லோருக்கும் படிப்பு வந்த பிறகு பேசலாம் என்பதுதான் அந்த மனுவின் சாரம். தேர்வு என்பது எல்லோருக்கும் பொதுவாகத் தோன்றினாலும், ஓட்டம் தொடங்குகிற இடம் எல்லோருக்கும் ஒன்றல்ல. இன்றைய நுழைவுத் தேர்வு விவாதங்களில் நாம் பேசுவதும் இதைத்தான்.

நம் மண்ணோடு ஒரு தொடர்பு

அவர் சென்னையில் இயங்கத் தொடங்கிய அதே காலத்தில்தான், செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி 1891-இல் ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல், பண்ணையாரை எதிர்த்துப் பேசினால் குடிசையை விட்டுத் துரத்தப்படும் நிலையை அரசுக்கு எடுத்துச் சொன்னார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி வந்த அரசாணைதான் பஞ்சமி நிலங்களுக்கு வழி திறந்தது. மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அந்த நிலத்தை வேற்றுச் சாதியாருக்கு விற்கக்கூடாது என்பது நிபந்தனை.

அன்று பொன்னேரி வட்டமும் மீஞ்சூரும் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தன. திரமென்ஹீர் அறிக்கை நம் பாட்டன், பூட்டன் கதையும்தான்.

அந்த நிலமெல்லாம் இன்று யார் கையில்? செங்கல்பட்டுப் பகுதியில் கரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடி, 1994-இல் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். துறைமுகமும் அனல் மின் நிலையமும் கிடங்குகளும் வந்த பிறகு நம் பக்கத்தில் ஒரு சென்ட் நிலம் என்ன விலை போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். விலை ஏறிய பிறகு, பழைய நிபந்தனைகள் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

கடல் கடந்து

1900-இல் லண்டன் போய் நேரிலேயே முறையிட வேண்டும் என்று கிளம்பிய சீனிவாசன், கிழக்கு ஆப்பிரிக்கா சேர்ந்து, பிறகு தென்னாப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. நேட்டாலில் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன தமிழர்கள் நிறைய இருந்தார்கள். அவர்கள் வழக்குக்கு வரும்போது அவர்கள் பேசுவதை நீதிமன்றத்துக்கு எடுத்துச் சொல்லும் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். அங்கே காந்தியுடன் பழக்கம் ஏற்பட்டது. காந்தி தமிழில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது தன்னிடம்தான் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வெளிநாட்டில் கழித்து, அறுபது வயதில் ஊர் திரும்பினார். பலர் ஓய்வெடுக்கும் வயதில் அவருடைய பெரிய வேலை தொடங்கியது.

தெருவும் கிணறும்

1923-இல் சென்னை மாகாண சட்டமன்ற உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு, 1924 ஆகஸ்ட் 22-ஆம் தேதி, சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த ஊரிலும் எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடங்கள் எல்லாவற்றையும் சாதி இந்துக்களைப் போலவே பயன்படுத்தலாம். தீர்மானம் நிறைவேறியது. அரசாணையானது. 1925-இல் அரசிதழில் வெளிவந்தது.

இன்று இது மிகச் சாதாரணமாகப் படலாம். தெருவில் நடக்க ஒரு தீர்மானமா என்று சிறுவர்கள் கேட்கலாம். தெருவில் நடந்ததற்காக அடிபட்டவர்களும், குளத்தில் தண்ணீர் எடுத்ததற்காக ஊர்விலக்கம் ஆனவர்களும் வாழ்ந்த காலம் அது. ஆணை வந்ததும் எல்லாக் கிணறும் திறந்துவிடவில்லை. ஆனால் அதுவரை கெஞ்சிக் கேட்டவர்கள், அதன் பிறகு காகிதத்தைக் காட்டிக் கேட்டார்கள். அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவும், 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அந்த வழியில்தான் வந்தன.

நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. மீஞ்சூரிலோ, நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் நிலத்தடி நீரை இறைத்து இறைத்து, கடல்நீர் உள்ளே புகுந்து கிணறுகள் உப்பாகிவிட்டன. தண்ணீர் யாருக்கு என்ற கேள்வி வேறு வேறு வேடத்தில் திரும்பி வருகிறது.

வட்டமேசையும் பூனா ஒப்பந்தமும்

1930, 1931 ஆண்டுகளில் லண்டன் வட்டமேசை மாநாடுகளுக்கு அம்பேத்கரோடு ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதியாகப் போனார். அம்பேத்கருக்கு அப்போது வயது 40-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. சீனிவாசனுக்கு எழுபது. தான் தீண்டத்தகாதவன் என்று எழுதிய அட்டையைச் சட்டையில் அணிந்து போனார் என்றும், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கைகொடுக்க வந்தபோது தயங்கி நின்று தன் மக்களின் நிலையைச் சொன்னார் என்றும், அதைக் கேட்ட மன்னர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார் என்றும் நம் மேடைகளில் இன்றும் சொல்லப்படுகிறது.

அம்பேத்கரும் சீனிவாசனும் கேட்டது தனித்தொகுதி. தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை. 1932-இல் பிரிட்டிஷ் அரசு அதை ஏற்று அறிவித்தது. காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24-ஆம் தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. தனி வாக்குரிமை போனது; அதற்குப் பதிலாகப் பொதுத் தொகுதியில் ஒதுக்கீட்டு இடங்கள் மாகாணங்கள் முழுவதற்கும் 148 ஆக உயர்ந்தன. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30 இடங்கள். கையெழுத்திட்டவர்களில் சீனிவாசனும் ஒருவர். கூட்டுத்தொகுதியை ஆதரித்த எம்.சி. ராஜாவும் ஒருவர். கிடைத்தது எவ்வளவு, இழந்தது எவ்வளவு என்ற கணக்கு இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் தனித்தொகுதியில் நிற்பவர் யார் தயவில் ஜெயிக்கிறார் என்று நாம் பேசும்போதெல்லாம், அந்தக் கணக்கைத்தான் பார்க்கிறோம்.

மதமாற்றத்தில் அவர் அம்பேத்கரோடு உடன்படவில்லை. நாம் இந்து மதத்துக்குள் இருந்தால்தானே வெளியேற வேண்டும், நாம் அதற்கு வெளியே இருப்பவர்கள் என்பது அவர் வாதம். பௌத்தம் தழுவிய அயோத்திதாசரோடும் அந்த வழியில் அவர் செல்லவில்லை. தலைவர்கள் எல்லாவற்றிலும் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே கோரிக்கையை வைக்கத் தெரிந்திருந்தது அவர்களுக்கு.

ஒரு சிறிய புத்தகம்

ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பட்டங்கள் வந்தன. அவற்றைவிட நமக்கு முக்கியம், 1939-இல் அவர் எழுதிய 'ஜீவிய சரித்திர சுருக்கம்'. தலித் ஒருவர் எழுதிய முதல் தன்வரலாறு என்று ஆய்வாளர் பலர் குறிப்பிடும் நூல். ஒரே மூச்சில் படித்துவிடலாம். எண்பதை எட்டும் வயதில், மனு, கூட்டம், தீர்மானம் என்று எழுதிக்கொண்டு போகிறவர், கோயம்புத்தூர்க் கல்லூரி வாசலில் பயந்து நின்ற பையனை விட்டுவிடவில்லை. அதை எழுதாமல் விட்டிருந்தால் நமக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

படிக்கும் பிள்ளைகளிடம் நாம் கேட்பது இரண்டு வேலைகள். ஒன்று, அந்தப் புத்தகத்தைத் தேடிப் படியுங்கள். படித்த பிறகு உங்கள் தாத்தா பாட்டியை உட்காரவைத்து, எந்தத் தெருவில் நடக்க விடவில்லை, எந்தக் கிணற்றில் இறைக்க விடவில்லை என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர்கள் போய்விட்டால் அந்த வரலாறும் போய்விடும். இரண்டு, உங்கள் ஊர் நிலப் பதிவேட்டைப் பாருங்கள். 'ஏ' பதிவேட்டில் டி.சி. நிலம் என்று குறித்த சர்வே எண்கள் இருக்கின்றனவா, அவை இன்று யார் பெயரில் இருக்கின்றன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனுப் போடுங்கள். 112 அடி நீளம் வேண்டாம். ஒரு பக்கம் போதும்.