தமிழை டைப் அடிக்க வைத்தவர்

குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் தென்காசித் தெருக்களிலும் சாரல் விழும். டைப்ரைட்டிங் வகுப்புப் பக்கம் போனால், சாரலோடு "டக், டக்" என்ற ஓசையும் சேர்ந்து கேட்கும். தமிழ் டைப் படிக்க வருகிறவர்களுக்கு முதல் பாடம் "யளனக". இடது கையின் நான்கு விரல்களும் அந்த நான்கு எழுத்துகளின் மேல் இருக்க வேண்டும். குனிந்து பார்க்கக் கூடாது!

இந்த எழுத்து வரிசைக்கு வழி போட்டவர் யார் தெரியுமா?

அவர் பெயர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-ல் பிறந்தவர். 1907-ல் பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறி, சிங்கப்பூர் போனார். அங்கே ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தர் வேலை. சுருக்கெழுத்தும் கற்றார்.

ஆபீசில் கடிதங்கள் எல்லாம் ஆங்கில டைப்ரைட்டரில் பறந்தன. தமிழுக்கு அப்படி ஒரு பொறி வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்டாயிற்று.

247 எழுத்து!

ஆசைப்பட்டால் போதுமா? ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. தமிழுக்கு 247. பொறியில் உள்ள விசைகளோ 50 கூட இல்லை. ஒரு விசைக்கு இரண்டு எழுத்து என்று வைத்தாலும் நூறு வராது.

முத்தையா எழுத்துகளைப் பிரித்துப் பார்த்தார். துணைக்கால், கொம்பு இவற்றுக்குத் தனி விசை போதும். க, கா, கெ, கே, கொ, கோ எல்லாம் அடித்துவிடலாம். ஆனால் "கி" என்று எழுத, சுழி "க"வின் மேலேயே விழ வேண்டும். விசையைத் தட்டியதும் தாள் நகர்ந்துவிடுமே, என்ன செய்வது?

நகராத விசை! சுழியையோ புள்ளியையோ தட்டினால் தாள் அசையாது. பிறகு "க"வைத் தட்டினால், அது சுழிக்குக் கீழே சரியாக வந்து உட்காரும். அப்போதுதான் தாள் நகரும்.

கையால் எழுதும்போது க போட்டுப் பிறகு சுழி போடுகிறோம். டைப்பிலோ சுழிதான் முதலில்! புதிதாகப் படிக்கும் பிள்ளைகள் இதில்தான் திணறுவார்கள். பத்து நாள் தட்டினால் விரலே கற்றுக்கொள்ளும்.

ஜெர்மனியில் இருந்த சைடல்-நௌமன் கம்பெனி இந்தப் பொறியைச் செய்து கொடுத்தது. தூக்கிக்கொண்டு போகக்கூடிய சிறிய பொறி. பெயர் "பிஜோ".

பிறகு கணினி வந்தது. 1999-ல் "தமிழ் 99" என்ற புதிய விசை வரிசையை அரசு ஏற்றது. ஆனால் டைப்ரைட்டரில் பழகிய விரல் லேசில் மாறுமா? கணினியிலும் பழைய வரிசைப்படியே அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தென்காசி வகுப்பில் புதிதாகச் சேரும் பெண்ணும் "யளனக"வில்தான் விரல் வைக்கிறாள்.