ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மிஸௌரி மாகாணத்தின் தென்மேற்குக் கோடியில், நியூட்டன் என்னும் நாட்டுப்புற ஜில்லா ஒன்றுண்டு. அதன் பெயரை உலகறியச் செய்தவர் அங்கே அடிமையாய்ப் பிறந்த கார்வர் பெரியார். அவர் பிறந்த நாளை எழுதி வைத்தார் எவருமிலர். 1864-ஆம் ஆண்டை ஒட்டியதாகலாமென்பர்.

டயமண்ட் என்னும் சிற்றூரையடுத்து, மோஸஸ் கார்வர் என்னும் குடியானவரின் நிலத்தில் அவர் அன்னை மேரி அடிமையாயிருந்தனள். பால்மணம் மாறாப் பருவத்தில் தாயையும் சேயையும் கொள்ளைக்காரர் கவர்ந்து சென்றனர். சேய் மீண்டது, தாய் மீண்டிலள். அடிமைத்தளை நீங்கிய பின்னும் குடியானவரும் அவர் மனைவி சூசனும் குழந்தையை வளர்த்தனர். மெலிந்த உடலினனாகிய சிறுவன் காட்டுச் செடிகளோடு பழகி, வாடிய செடிகளைப் பிழைப்பிக்கும் செடி வைத்தியனென்று பெயர் பெற்றான்.

உள்ளூர்ப் பள்ளியில் கறுப்பினச் சிறுவருக்கு இடமில்லை. ஆதலின் அதே ஜில்லாவைச் சேர்ந்த நியோஷோ நகருக்குச் சென்று, அவ்வினத்தார்க்கென ஏற்பட்ட பள்ளியிற் பயின்றான். பின்னர்க் கான்ஸஸ் மாகாணத்துக் கலாசாலையொன்று கடிதமூலமாய் அவரைச் சேர்த்துக்கொள்ள இசைந்து, நேரிற் கண்டதும் நிறம் பற்றி வாயிலை அடைத்தது. அவரோ மனந்தளராது, துணி வெளுத்துப் பொருளீட்டி, 1890-இல் அயோவா மாகாணத்துச் சிம்ஸன் கலாசாலையிலும், 1891-இல் அம்மாகாணத்து விவசாயக் கலாசாலையிலும் சேர்ந்து, 1896-இல் எம். எஸ். பட்டம் பெற்றார்.

அவ்வாண்டே புக்கர் வாஷிங்டன் அழைக்க, அலபாமா மாகாணத்து டஸ்கீகீ கலாசாலையை அடைந்தார். ஆண்டுதோறும் பருத்தியே விளைத்ததால் அந்நிலங்கள் சாரமற்றுக் கிடந்தன. உழுதவரோ பெரும்பாலும் கடனில் மூழ்கிய வாரக்குடிகள். விலைகொடுத்து உரம் வாங்க இயலாத அவர்களுக்கு, காராமணியும் நிலக்கடலையும் மாற்றிப் பயிரிடுமாறு கார்வர் போதித்தார். அப்பயிர்களின் வேர்முடிச்சுக்களில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு உரமாக்கும். விளைவோ வறியோர்க்கு உணவாகும். கலாசாலைக்கு வர இயலாதாரிடம் கலாசாலையே செல்லவேண்டுமென்று, 1906-இல் கருவிகளும் விதைகளும் ஏற்றிய வண்டியொன்று கிராமங்கள்தோறும் புறப்பட்டது. அவர் எழுதிய எளிய பிரசுரங்கள் நாற்பதிற்கு மேற்பட்டன. 1916-இல் வெளிவந்த ஒன்று, நிலக்கடலையைச் சமைக்க 105 வகை கூறிற்று. நிலக்கடலை வெண்ணெயை அவரே கண்டுபிடித்தாரென்று பலர் கூறுவது பொருந்தாது. அவர் பெருமைக்கு அப்பொய்ப்புகழ் வேண்டுவதுமில்லை. 1921-இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் நிலக்கடலை பற்றிப் பேசச் சென்றவருக்குப் பத்து நிமிஷமே அளிக்கப்பட்டது. கேட்டோர் வியந்து, மேலும் பேசுமாறு வேண்டினர்.

மணம் புரியாது, எளிய வாழ்வு நடத்தி, சேமித்த பொருளைத் தம் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நிலையத்திற்கு ஈந்து, 1943 ஜனவரி 5-இல் டஸ்கீகீயில் காலமானார். அவ்வாண்டே, நியூட்டன் ஜில்லாவில் அவர் அடிமையாய்ப் பிறந்த அந்நிலத்தை அரசாங்கம் தேசிய நினைவிடமாக்கிற்று. கறுப்பினத்தார் ஒருவர்க்கு அந்நாடு அவ்வாறு எடுத்த முதல் நினைவிடம் அதுவே.

மாணவ நண்பர்காள்! தமக்கு அடைக்கப்பட்ட வாயிலை எண்ணி அவர் பகை வளர்த்திலர். தாம் பெற்ற கல்வியை, வாயில் வரை வரவும் வழியற்றோர் வீட்டிற்கே கொண்டு சென்றார். நாம் கற்ற கல்வி எவர் வயல் வரை செல்கின்றதென்று நம்மையே நாம் கேட்டுக்கொள்ளுதல் நலம்.