கைவழியே கேத்திரகணிதம்: பிரெட்ரிக் புரோபலின் வாழ்வும் பணியும்

முக்கோணிக்கு மூன்று பக்கங்கள், சதுரத்திற்கு நான்கு சமபக்கங்கள் என்று ஒப்புவிக்கும் சிறார்களை நாம் எங்கும் காண்கின்றோம். பெற்றோரும் அதனைக் கேட்டு மகிழ்கின்றனர். ஆனால், அதே பிள்ளையின் கையில் ஒரு தீப்பெட்டியைக் கொடுத்து, இதற்கு எத்தனை முகங்கள், எத்தனை மூலைகள் என்று கேட்டால், பலவேளைகளில் பிள்ளை திகைத்து நிற்கின்றது. சொல் வாயில் இருக்கின்றது. பொருள் கையில் இருக்கின்றது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே தமது வாழ்நாளைச் செலவிட்டவர் பிரெட்ரிக் புரோபல். இன்று உலகெங்கும் நடைபெறும் பாலர் கல்விக்கு வித்திட்ட அவரது பெயர் ஆசிரிய கலாசாலைகளின் பாடக்குறிப்புகளில் இடம்பெறுகின்ற போதிலும், அவர் பட்ட இன்னல்களும் அவர் செய்த பணியின் உட்பொருளும் போதியளவு அறியப்படவில்லை என்றே நாம் கருதுகின்றோம்.

1782ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, ஜேர்மனியின் துரிங்கியாப் பிரதேசத்தில் உள்ள ஒரு சிற்றூரில் மதகுரு ஒருவரின் மகனாகப் புரோபல் பிறந்தார். அவர் ஒரு வயதை எட்டுமுன்னரே தாயார் காலமாகிவிட்டார். தந்தையார் மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந்தாயின் அன்பும் நீடிக்கவில்லை. தனிமையில் வாடிய அச்சிறுவன் வீட்டுத் தோட்டத்தையும் அதற்கப்பால் விரிந்த காட்டையுமே துணையாகக் கொண்டான். பத்து வயதளவில் தாய்மாமனின் இல்லத்திற்கு அனுப்பப்பட்ட பின்னரே அவனுக்கு ஓரளவு அன்பும் சுதந்திரமும் கிட்டின. பிள்ளைப்பருவம் பறிபோனவர் பிற்காலத்தில் பிள்ளைகளின் பருவத்தைக் காக்கும் பணியில் இறங்கினார் என்பது சிந்தனைக்குரியதாகும்.

15 வயதில் வன அலுவலர் ஒருவரிடம் தொழில் பயில விடப்பட்ட புரோபல், அங்கு முறையான பயிற்சி கிடைக்காத நிலையில், கணிதத்தையும் தாவரவியலையும் நூல்களின் துணையோடு தாமே கற்றார். 1799இல் ஜெனா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வறுமை அங்கும் அவரைத் தொடர்ந்தது. கடனைத் தீர்க்க முடியாமையால் பல்கலைக்கழகச் சிறையில் சில வாரங்களைக் கழிக்க நேர்ந்தது. படிப்பு இடைநடுவில் நின்றது. பின்னர் பல சிறு தொழில்களில் உழன்று, கட்டடக்கலை பயிலும் நோக்குடன் 1805இல் பிராங்போர்ட் நகருக்குச் சென்றார். அங்கு மாதிரிப் பாடசாலை ஒன்றின் தலைவர் அவரிடம் ஆசிரியப் பணியை ஒப்படைத்தார். வகுப்பறையில் காலடி வைத்த கணத்திலேயே தமது பணி இதுதான் என்பதை அவர் உணர்ந்துகொண்டார்.

அக்காலத்தில் ஐரோப்பாவின் கல்வியாளர்களை ஈர்த்து நின்றவர் சுவிற்சர்லாந்தின் பெஸ்டலோசி ஆவார். பொருளைக் காட்டிக் கற்பிக்க வேண்டும், சொல்லை மட்டும் புகட்டலாகாது என்பது அவரது கொள்கை. புரோபல் 1805இல் அவரது பாடசாலையைப் பார்வையிட்டார். 1808 முதல் 1810 வரை தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட மாணவர்களோடு அங்கேயே தங்கிப் பயின்றார். ஆயினும், பெஸ்டலோசியின் பாடங்களுக்கிடையே ஒருமை போதாது என்ற எண்ணம் அவரை வாட்டியது. பார்ப்பதோடு நில்லாது, பிள்ளை தன் கையால் ஆக்கவும் வேண்டும் என்று அவர் எண்ணலானார்.

இந்த எண்ணத்திற்கு உருவம் கொடுத்தது, வியப்புக்குரிய வகையில், பாடசாலையன்று, கற்களேயாகும். கொட்டிங்கன், பேர்லின் ஆகிய நகரங்களில் உயர்கல்வியைத் தொடர்ந்த புரோபல், பளிங்குருவியல் அறிஞரான பேராசிரியர் வைஸ் என்பவரிடம் பாடங்கேட்டார். 1813இல் நெப்போலியனுக்கு எதிரான போரில் தொண்டர் படையில் சேர்ந்தார். லாங்கெதால், மிடென்டோர்ப் என்ற இரு இளைஞர்கள் அங்குதான் அவருக்கு ஆயுட்கால நண்பர்களாயினர். போரின் பின்னர், 1814இல், பேர்லின் கனிப்பொருள் நூதனசாலையில் வைஸின் உதவியாளராகப் பணியேற்றார். கறியுப்புப் பளிங்கு சதுரமுகியாக வளர்வதையும், வேறு கனிப்பொருள்கள் வேறு ஒழுங்கான வடிவங்களைக் கொள்வதையும் நாள்தோறும் நோக்கிய அவருக்கு, இயற்கையின் பல்வகைத் தோற்றங்களுக்கு அடியில் சில எளிய வடிவங்கள் மறைந்திருக்கின்றன என்ற நம்பிக்கை உறுதிப்பட்டது. கல்லின் வளர்ச்சிக்கு ஒழுங்கு உண்டெனில், பிள்ளையின் வளர்ச்சிக்கும் ஒழுங்கு இருத்தல் வேண்டும் என்று அவர் முடிவுசெய்தார்.

போர்க்காலத்தில் அவரது சகோதரர் ஒருவர் காய்ச்சலுக்குப் பலியாகியிருந்தார். தந்தையை இழந்த அப்பிள்ளைகளின் கல்வியைப் பொறுப்பேற்கும் பொருட்டு நூதனசாலைப் பணியைத் துறந்த புரோபல், 1816ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தம் சகோதரர்களின் புதல்வர்கள் ஐவருடன் கிரீஸ்ஹைம் என்ற கிராமத்தில் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது கைல்ஹாவ் என்ற ஊருக்கு மாற்றப்பட்டது. போர்க்கள நண்பர்கள் இருவரும் அங்கு வந்து ஆசிரியராயினர். மனிதக் கல்வி பற்றிய அவரது பெருநூல் 1826இல் வெளியாயிற்று. ஆனால், மாணவர்களைச் சுதந்திரமாகச் சிந்திக்கத் தூண்டும் எந்தப் பாடசாலையையும் ஐயக்கண்ணோடு நோக்கிய காலம் அது. அதிகாரிகளின் விசாரணை அறிக்கை சாதகமாக அமைந்தும் சந்தேகம் நீங்கவில்லை. மாணவர் தொகை வெகுவாகக் குறைந்தது. 1831இல் சுவிற்சர்லாந்து சென்ற புரோபல், சில ஆண்டுகள் அங்கு கல்விப் பணியாற்றி, 1836இல் தாயகம் திரும்பினார். பாடசாலைக்கு வருமுன்னரே பிள்ளையின் கல்வி தொடங்கிவிடுகின்றது, அங்கு செய்யப்படும் தவறுகளைப் பின்னர் திருத்துவது கடினம் என்பதே அவர் அதுவரை கண்ட அனுபவத்தின் சாரமாகும்.

1837இல், தமது 55ஆவது வயதில், பிளாங்கன்பேர்க் என்ற சிறுநகரில் சிறார்களுக்கான விளையாட்டுப் பொருள்களை ஆக்கும் முயற்சியில் அவர் இறங்கினார். அவற்றைக் கொடைகள் என்று அழைத்தார். முதலாவது கொடை, ஆறு நிறங்களில் அமைந்த கம்பளிநூற் பந்துகள். இரண்டாவது கொடை, மரத்தாலான ஒரு கோளம், ஒரு சதுரமுகி, ஓர் உருளை. கோளம் எப்பக்கம் திருப்பினும் ஒரேவிதமாகத் தோன்றும், தள்ளினால் உருண்டோடும். சதுரமுகியோ வைத்த இடத்தில் நிற்கும். அதற்கு 6 முகங்களும் 12 விளிம்புகளும் 8 உச்சிகளும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது உருளை. நிமிர்த்தி வைத்தால் சதுரமுகியைப்போல் நிற்கும். படுக்கவைத்தால் கோளத்தைப்போல் உருளும். ஒற்றுமையையும் வேற்றுமையையும் எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பிள்ளையின் கையே அதனைக் கண்டுகொள்கின்றது.

இப்பொருள்களை நூலில் தொங்கவிட்டுச் சுழற்றவும் புரோபல் வழிசெய்தார். எதிரெதிர் முகங்களின் நடுப்புள்ளிகளை அச்சாகக் கொண்டு சதுரமுகியை வேகமாகச் சுழற்றினால், கண்ணுக்குத் தெரிவது உருளை வடிவமாகும். எதிரெதிர் உச்சிகளை அச்சாகக் கொண்டால், மேலும் கீழும் கூம்புகள் தோன்றும். ஒரு வடிவத்திற்குள் இன்னொரு வடிவம் மறைந்திருப்பதைக் காணும் பிள்ளைக்கு ஏற்படும் வியப்பே, பின்னாளில் அது கற்கப்போகும் கேத்திரகணிதத்தின் விதையாகின்றது.

மூன்றாவது கொடையில், இரண்டு அங்குலச் சதுரமுகி ஒன்று எட்டுச் சிறு சதுரமுகிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பிள்ளைகள் எப்பொருளையும் உடைத்து உள்ளே பார்க்க விரும்புவர். அந்த ஆவலைத் தண்டிக்காமல், உடைத்தபின் மீண்டும் பொருத்தக்கூடிய ஒரு பொருளை அவர் அவர்களுக்கு அளித்தார். பாதி, கால், அரைக்கால் என்ற பின்னங்கள் அங்கு கையால் உணரப்படுகின்றன. நான்காவது கொடையில், அதே சதுரமுகி எட்டுச் செங்கல் வடிவக் கட்டைகளாகின்றது. ஒவ்வொன்றும் இரண்டு அங்குல நீளமும் ஓர் அங்குல அகலமும் அரை அங்குலத் தடிப்பும் கொண்டது. இதன் கனவளவும் முந்தைய கொடையின் சிறு சதுரமுகியின் கனவளவும் சமமாகும். உருவம் மாறினாலும் அளவு மாறாதிருக்கலாம் என்ற அரிய உண்மையை, ஒரு சூத்திரமும் இன்றி நாலு வயதுப் பிள்ளை அறிந்துகொள்கின்றது. ஐந்தாவது, ஆறாவது கொடைகள் மூன்று அங்குலச் சதுரமுகிகள். ஐந்தாவதில் சில கட்டைகள் மூலைவிட்டத்தின் வழியே வெட்டப்பட்டிருப்பதால், அங்கு முக்கோண வடிவம் முதன்முதலாகக் கைக்கு எட்டுகின்றது.

இதன் பின்னரே மெல்லிய பலகைத் துண்டுகளாகச் சதுரமும் முக்கோணிகளும் வருகின்றன. அடுத்துக் கோடுகளாகக் குச்சிகளும் வளையங்களும் வருகின்றன. இறுதியில் புள்ளிகளாக விதைகளும் சிறு கற்களும் வருகின்றன. இவ்வரிசையை வாசகர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். பாடநூல்கள் வழக்கமாகப் புள்ளியில் தொடங்கி, கோடு, தளம், திண்மம் என்று செல்கின்றன. புரோபல் இவ்வரிசையைத் தலைகீழாக்கினார். தடிப்பில்லாத தளத்தையோ அகலமில்லாத கோட்டையோ எந்தப் பிள்ளையும் தொட்டதில்லை. பிள்ளை தொட்டறிந்தது திண்மத்தையே. ஆகவே, அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்வதாயின், திண்மத்தில் தொடங்கி அதன் முகத்தையும், முகத்தின் விளிம்பையும், விளிம்பின் முனையையும் நோக்கிச் செல்வதே முறையாகும்.

கட்டைகளைக் கையாள்வதற்கும் அவர் சில ஒழுங்குகளை வகுத்திருந்தார். நாற்காலி, வீடு, பாலம் என வாழ்க்கையில் காணும் பொருள்களை ஆக்குவது ஒன்று. எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிடும் அறிவு வடிவங்களை ஆக்குவது இன்னொன்று. நடுவில் ஒரு கட்டையை வைத்து, சுற்றிலும் சமச்சீராக அடுக்கி அழகிய கோலங்களை ஆக்குவது மூன்றாவது. எல்லாக் கட்டைகளையும் பயன்படுத்த வேண்டும். கட்டியதைக் குலைத்தெறியாமல், சிறிது சிறிதாக மாற்றி அடுத்த வடிவத்தைப் பெறவேண்டும் என்பனவும் அவரது அறிவுரைகளாகும்.

1840ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் திகதி, சிறார் தோட்டம் என்று பொருள்படும் கிண்டர்கார்டன் என்ற பெயரில் அவரது நிறுவனம் முறைப்படி தொடங்கப்பட்டது. பிள்ளைகள் செடிகள், ஆசிரியர் தோட்டக்காரர் என்பதே அப்பெயரின் கருத்தாகும். சிறார் கல்விக்குப் பெண்களைப் பயிற்றுவிப்பதிலும் அவர் முன்னின்றார். கல்வித் தொழிலின் கதவுகள் பெண்களுக்குப் பெரும்பாலும் மூடியிருந்த காலத்தில் இது ஒரு பெரும் மாற்றமாகும்.

ஆனால், முதுமையில் அவருக்குப் பேரிடி காத்திருந்தது. 1848ஆம் ஆண்டுப் புரட்சி ஒடுக்கப்பட்டதையடுத்து, புதுமை எதனையும் ஆட்சியாளர்கள் அஞ்சினர். 1851ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7ஆம் திகதி, பிரஷ்ய அரசு தனது ஆள்புலம் முழுவதிலும் கிண்டர்கார்டன்களைத் தடைசெய்தது. அவை நாத்திகத்தையும் சோசலிசத்தையும் பரப்புவன என்பது குற்றச்சாட்டு. அவரது சகோதரரின் மகனான கார்ல் புரோபல் எழுதிய நூலொன்றை அவருடையதாகக் கொண்டமையே தடைக்குக் கூறப்பட்ட காரணங்களின் பின்னணியில் இருந்தது. ஆள்மாறாட்டம் சுட்டிக்காட்டப்பட்ட பின்னரும் தடை நீக்கப்படவில்லை. கடவுள் நம்பிக்கையையே தமது கல்விக் கொள்கையின் அத்திவாரமாகக் கொண்டிருந்த ஒருவருக்கு இதைவிடக் கொடிய அவமதிப்பு இருந்திருக்க முடியாது. 1852ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் திகதி, தடை நீடித்திருந்த நிலையிலேயே அவர் காலமானார். அவரது கல்லறையின் மீது சதுரமுகியும் உருளையும் கோளமும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த நினைவுக்கல் நாட்டப்பட்டது. தடை 1860இல் நீக்கப்பட்டது.

தடையே ஒருவகையில் அவரது கருத்துகளைக் கடல்கடக்கச் செய்தது எனலாம். ஜேர்மனியை விட்டு வெளியேறிய பெண் ஆசிரியர்களும் ஆதரவாளர்களும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கிண்டர்கார்டன்களை நிறுவினர். 1876இல் ஜப்பானின் டோக்கியோ நகரிலும் ஒன்று தோன்றியது. அதே ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியாக் கண்காட்சியில் இக்கட்டைகளைக் கண்ட ஒரு தாய், அவற்றைத் தமது மகனுக்காகப் பெற்றுக்கொண்டார். அச்சிறுவனே பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற கட்டடக்கலைஞரான பிராங்க் லொயிட் ரைட். தமது கலைக்கு அக்கட்டைகள் இட்ட அடித்தளத்தை அவர் முதுமையிலும் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

புரோபலிடம் குறைகள் இல்லாமலில்லை. வடிவங்களுக்கு அவர் ஏற்றிய மெய்ஞ்ஞானப் பொருள் பலருக்கு விளங்கவில்லை. அவருக்குப் பின்வந்தோரில் சிலர் அவரது கொடைகளை இறுகிய சடங்காக்கினர். ஆசிரியர் கட்டளையிட, எல்லாப் பிள்ளைகளும் ஒரேநேரத்தில் ஒரே கட்டையை நகர்த்தும் வகுப்பறைகளும் தோன்றின. விளையாட்டு என்ற உயிர் நீங்கியபின் எஞ்சியது வெறும் மரத்துண்டுகளே.

இந்த வரலாறு எமக்கும் ஒரு பாடமாகும். தமிழ் பேசும் எமது சமூகங்கள், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், கல்வியைப் பெருஞ்செல்வமாகப் போற்றுகின்றன. அந்த ஆர்வமே சிலவேளைகளில் அவசரமாக மாறி, நாலு வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுதவைக்கின்றது. முன்பள்ளியில் பிள்ளை விளையாடுகின்றது என்று கேட்டதும், அங்கு படிப்பில்லை என்று முடிவுசெய்யும் பெற்றோர் எம்மிடையே உள்ளனர். பிள்ளையின் விளையாட்டை அஞ்சியது அன்றைய பிரஷ்ய அரசு மட்டுமன்று என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

விலையுயர்ந்த உபகரணங்கள் இல்லை என்பதும் தக்க காரணமாகாது. வெறுமையான தீப்பெட்டி ஒரு கனவுரு. பால்மாப் பேணி ஓர் உருளை. தோடம்பழம் ஏறக்குறைய ஒரு கோளம். ஈர்க்குகளை ஒடித்தால் கோடுகள் கிடைக்கும். மஞ்சாடி விதைகள் புள்ளிகளாகும். மூன்று ஈர்க்குகளின் முனைகளைக் களிமண் உருண்டைகளால் இணைத்தால் ஒரு முக்கோணி எழும். நான்கினை இணைத்தால் வரும் சதுரம், விரலால் தள்ளியதும் சரிந்துவிடும். முக்கோணியோ தன் உருவைக் காக்கும். கூரைமரங்கள் ஏன் முக்கோண வடிவில் அமைக்கப்படுகின்றன என்பதற்கான விடையை அப்பிள்ளை அன்றே பெற்றுவிடுகின்றது.

வரைவிலக்கணங்கள் வேண்டாமென்று நாம் கூறவில்லை. அவை உரிய காலத்தில் வந்தே தீரும். ஆனால், கை அறிந்ததற்கே வாய் பெயரிட வேண்டும். முன்பள்ளி ஆசிரியைகளுக்குத் தகுந்த பயிற்சியும் மதிப்பும் ஊதியமும் வழங்குவதில் அதிகாரிகள் அக்கறை காட்டுதல் வேண்டும். பெற்றோர் பிள்ளையின் எழுத்துக் கொப்பியைப் புரட்டுமுன்னர், அது இன்று எதைக் கட்டியது, எதைப் பிரித்தது என்று கேட்டறிதல் வேண்டும். புரோபலுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அதுவேயாகும்.